இடது கட்டைவிரல்

என் நாத்தனார் யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே என் இரண்டு கைகளையும் அப்படி உற்றுப் பார்த்தாள். வளையலை எண்ணுகிறாளாக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, அது அவளுக்கு ஒரு வியாதி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர் கை, மருந்துக் கடையில் மாத்திரையைக் கத்தரிக்கிறவர் கை, ஒன்றையும் விட மாட்டாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேலைக்கு வாய் வலிக்கிற மாதிரி ஒரு பெயர் உண்டு. பொழுதுபோக்கு சிகிச்சையாளர். பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் தலையில் அடிபட்டவர்களையும் தேற்றி அனுப்புகிற மருத்துவமனை அது. அதன் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலோடு ஒரு நீளமான ஹால். அதுதான் அவள் ராஜ்ஜியம். அலமாரி நிறைய லூடோ, சதுரங்கம், பலூன், பொத்தான் டப்பா, வண்ணப் பென்சில், ஏழெட்டுத் துண்டு காணாமல் போன படப் புதிர்கள். "சம்பளம் வாங்கிக்கிட்டு லூடோ ஆடுற ஒரே ஆளு என் தங்கச்சிதான்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஆனால் அந்த விளையாட்டுக்கு அவள் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். புதிதாக எதை வாங்கி வந்தாலும் முதலில் எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் பரீட்சை. வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு இடது கையால் ஆடிப் பார்ப்பாள். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடுவாள். ஒருமுறை ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரிக்கிறேன் என்று உட்கார்ந்தவள் சாயங்காலம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. சாறெல்லாம் என் மேஜை விரிப்பில். பொறுக்க முடியாமல் நான் பிடுங்கி உரித்துக் கொடுத்தேன். "அண்ணி, அவங்களுக்கும் வீட்டுல இப்படித்தான் பிடுங்கிடுறாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விரிப்பைத் துவைத்தது நான்தானே!

புதிதாக ஒரு நோயாளி வந்தால் வீட்டாரிடம் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "வேலை இல்லாத நேரத்துல என்ன பண்ணுவார்?" பெரும்பாலும் திருதிருவென்று முழிப்பார்கள். டிவி பார்ப்பார் என்பார்கள். இவள் விட மாட்டாள், தோண்டித் துருவுவாள். "சும்மா இருக்கும்போது ஒரு மனுஷன் என்ன பண்ணினான்னு தெரிஞ்சா போதும் அண்ணி, உள்ள இருக்கிற ஆளைப் பிடிச்சிடலாம்" என்பாள். கூசாமல் கள்ள ஆட்டமும் ஆடுவாள். விபத்துக்குப் பிறகு பேச்சே வராமலிருந்த ஒரு தலைமையாசிரியரோடு லூடோ ஆடும்போது, நாலு விழுந்ததற்கு ஐந்து கட்டம் நகர்த்தியிருக்கிறாள். அவர் மேஜையைத் தட்டி "ஏய்! நாலு!" என்று கத்தியிருக்கிறார். அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அந்த "ஏய்! நாலு!" என்ற கத்தலோடுதான் வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவ்வளவு செய்கிறவள் ஒரு வேலையை மட்டும் தொடவே மாட்டாள். அங்கே பாதிப் பேருக்கு, விரல்கள் உள்ளே மடங்கிப் போகாமல் இருக்க, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிப் பட்டையால் இறுக்குவார்கள். ஸ்பிளிண்ட் என்று பெயர். அதை இவள் யாருக்கும் மாட்டியதில்லை. நர்ஸோடு ஓர் ஒப்பந்தம். உறை மாட்டுவதெல்லாம் நர்ஸ், அதற்குப் பதில் நோயாளிகளுக்குத் தலை வாரிப் பின்னுவதெல்லாம் இவள். நர்ஸ் அதை ஏதோ அருவருப்பு என்று நினைத்திருந்தாள்.

எனக்கு அதன் காரணம் தெரிய வந்தது என்னுடைய ஒரு கூத்தால்தான். கல்யாணமான புதிதில் மருமகள் சுறுசுறுப்பைக் காட்ட பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடித்தட்டில் ஒரு துணிப் பை கிடைத்தது. கட்டம் போட்ட சட்டைத் துணி, வாயில் எலாஸ்டிக், இரட்டைத் தையல். சூடான பாத்திரம் பிடிக்கத் தைத்தது போலிருக்கிறது என்று நேரே அடுப்படிக்கு எடுத்துப்போய் கையில் மாட்டிக்கொண்டு குக்கரை இறக்கினேன். திரும்பினால் வாசலில் நாத்தனார். பேயறைந்த முகம். பின்னால் என் மாமியார்.  அத்தை என் கையிலிருந்து அதை மெதுவாக உருவினார். சோப்புப் போட்டுத் துவைத்தார். காய்ந்ததும் மடித்து அதே அடித்தட்டில் வைத்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தை தூங்கப்போன மத்தியானம் நாத்தனார் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமனாரை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் அத்தனை மாடிக் கட்டடமும் தன் கயிற்றில் தொங்குகிறது என்கிற தோரணையாம். விடுமுறை நாட்களில் பெரிய கட்டிலில் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். சீட்டு பறக்குமே, அதனால் ஃபேனை நிறுத்திவிடுவார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றும், அத்தை முணுமுணுப்பார், ஆட்டம் முடியாமல் ஃபேன் ஓடாது. யார் முறையானாலும் சீட்டு போடுவது மாமனார்தான். கட்டு இடது கையில் இருக்கும், கட்டைவிரல் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளும், வலது கை எடுத்து வீசும். அந்த வேகத்தைப் பார்ப்பதற்கே பிள்ளைகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பார்களாம்.

நாத்தனார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. மிஞ்சியது இடது கை. நோய் புகுந்த வீட்டில் சீட்டு எதற்கு என்று அத்தை சீட்டுக் கட்டை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் மாமனாரின் இடது கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே இருக்குமாம். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும். தோல் உரிந்து ரத்தம் வந்தது. நரம்புக் கோளாறு, மூடி வையுங்கள் என்று டாக்டர் சொல்ல, அத்தை அவருடைய சட்டையையே வெட்டி அந்த உறையைத் தைத்தார்.

"துணிக்குள்ள விரல் நகர்ந்துக்கிட்டே இருக்கும் அண்ணி. உள்ள ஏதோ உயிரோட மாட்டிக்கிட்ட மாதிரி. எனக்கும் அண்ணனுக்கும் அதைப் பார்க்கவே பயம்" என்றாள். சில வருஷம் அப்படியே இருந்து அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு இவள் படித்து, இதே மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் பைல்களைச் சுமந்துகொண்டு அந்த ஹாலைக் கடந்து போனவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்கிறாள். வலது பக்கம் விழுந்துபோன ஓர் அம்மாவின் இடது கையில் யாரோ சீட்டுக் கட்டைக் கொடுத்திருந்தார்கள். கட்டைவிரல் சீட்டைத் தள்ளியது. அடுத்த சீட்டைத் தள்ளியது. பைல்கள் தரையில் சிதற, இவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா விரலைத் தேய்ச்சுக்கலை அண்ணி. எங்களைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். வாங்க, உட்காருங்க, சீட்டு போடுறேன்னு. நாங்க பையை மாட்டிவிட்டோம்."

கணக்கு வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்குப் போனாள். வீட்டில் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் என்னைத் தூங்கவிடுது. எங்களுக்குத் தெரியாது. தெரியாமத்தான் பண்ணினோம்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவங்க கையால தைச்சது. தெரிஞ்சா செத்தே போயிடுவாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று பெயரெடுத்த நான், இதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தை அப்படியே சரிந்தார். பக்கவாதம்தான். அவருக்கு இடது பக்கம். பேச்சு போகவில்லை. வாய் கொஞ்சம் குழறினாலும் என்னை அதட்டுகிற அளவுக்குத் தெளிவாகவே இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தது மகள் வேலை பார்க்கிற இடத்தில்தான். சொந்த மனிதர்களைத் தானே கவனிக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு வேறு ஆளே கிடையாது. பெரிய டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இடது கையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, இந்தச் சில வாரங்களில் அதை அசைக்க வைக்காவிட்டால் விரல்கள் மூடிக்கொள்ளும், மூடினால் மூடினதுதான் என்று சொல்லியிருந்தார்கள். அத்தையோ எதற்கும் மசியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம், "எனக்கு வயசாச்சும்மா, ஆளை விடு" என்றார். ஹாலுக்கு மட்டும், மகள் கூப்பிடுகிறாளே என்று வருவார். வந்து, அந்தக் கையை மடியில் கிடத்திக்கொண்டு, கார்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாத்தனார் பலூனைத் தட்டிவிட்டால் அது அத்தையின் தோளில் பட்டுக் கீழே விழும். எடுத்து மறுபடி தட்டுவாள். 

இதற்கு மேல் இன்னொரு கண்டம் இருந்தது. அதே சமயம் அங்கே ஒரு பஸ் டிரைவர் சேர்ந்திருந்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்ட மனிதர். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய இடது கட்டைவிரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷமாக ஊரார் கைகளிலெல்லாம் நாத்தனார் தேடிய அந்த விரல். மனைவியைக் கேட்டிருக்கிறாள். டெப்போவில் ஓய்வு நேரத்தில் சீட்டுதான் என்றிருக்கிறாள் அந்த அம்மாள். கையில் கட்டைக் கொடுத்ததும் மனிதர் போட ஆரம்பித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் ஓட ஓட. அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்த் தொட்டி காலியாகிற வரைக்கும் நான் கதவைத் தட்டவில்லை.

அத்தை கண்ணில் அந்த விரல் பட்டுவிடக் கூடாது. அதனால் டிரைவருக்குக் காலை, அத்தைக்கு மத்தியானம் என்று பிரித்தாள். அத்தை வருவதற்கு முன்னால் சீட்டுக் கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். வாரக்கணக்கில் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது.

ஒருநாள் லிஃப்ட் நின்றுவிட்டது. மாமனார் இருந்திருந்தால் ஒரு ஸ்பேனரோடு வந்து முடித்திருப்பார். மெக்கானிக் வந்து சரிசெய்வதற்குள் டிரைவரின் காலை நேரம் போய்விட்டது. மத்தியானம் நானும் அத்தையும் ஹாலில் இருந்தபோது, வார்டு ஆள் டிரைவரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் மேஜைக்கு எதிரே நிறுத்திவிட்டுப் போய்விட்டான். விரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

 நாத்தனார் பலூனோடு வந்து நடுவில் நின்றாள். எதையோ சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாகவே இல்லை.

"தள்ளுடி, மறைக்குது" என்றார் அத்தை.

அவள் நகரவில்லை. அத்தை நல்ல கையால் அவள் துப்பட்டாவைப் பிடித்து ஒதுக்கினார். டிரைவரின் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கார்களைப் பார்க்கிற பார்வை அல்ல அது.

"அவருக்குக் கட்டை எடுத்துக் குடு."

"எந்தக் கட்டும்மா?"

"சீட்டுக் கட்டுதான். பாவம், எவ்வளவு நேரமா வெறுங்கையில போட்டுக்கிட்டிருக்கார்."

பலூன் நழுவி மேஜைக்கடியில் உருண்டது. நாத்தனார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இடுப்பிலிருந்த சாவியை வாங்கி நான்தான் அலமாரியைத் திறந்தேன். டிரைவர் கையில் கட்டை வைத்ததும் அவர் போட ஆரம்பித்தார். அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் சீட்டெல்லாம் அலைந்தது. நான் குனிந்து குனிந்து பொறுக்கினேன். அவர்களைப் பார்க்காமலிருக்க எனக்கு அது வசதியாக இருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"முதல்ல தெரியாது. ரத்தம் வந்துச்சு, தைச்சு மாட்டினேன். அப்புறம் ஒருநாள் துவைக்கக் கழட்டினப்போ, அவர் கைக்குக் கீழ என் உள்ளங்கை இருந்துச்சு. தள்ளினார். மணிக்கட்டைத் திருப்பித் தள்ளினார். நாலு பக்கம். கட்டில்ல நாம எப்படி உட்காருவோமோ அதே வரிசை. எனக்கு, உன் அண்ணனுக்கு, உனக்கு, கடைசியா அவருக்கு."

"தெரிஞ்சுமா திரும்ப மாட்டின?" குரல் உயர்ந்துவிட்டது. ஹாலில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை.

அத்தை கோபப்படவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அந்த ரூம் வாசலைத் தாண்டறதையே விட்டுட்டீங்க. அப்பா கூப்பிடுறார்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்க. பயந்துக்கிட்டே வந்து உட்கார்ந்திருப்பீங்க. அந்த மூஞ்சியை அவர் பார்த்திருப்பார். பெத்த பிள்ளைங்க தன்னைப் பார்த்து பயப்படுறதை அவர் பார்க்க வேண்டாம்னு நெனச்சேன். சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை."

டிரைவர் போட்டுக்கொண்டே இருந்தார்.

"துவைக்கிற அன்னிக்கெல்லாம் ஆடுவோம்" என்றார் அத்தை. "கட்டைத்தான் குடுத்துட்டேனே. வெறுங்கையிலதான். கதவைச் சாத்திக்குவேன். நாலு இடத்துக்கும் போடுவார். உங்க ரெண்டு பேர் சீட்டையும் நானே எடுத்து ஆடுவேன்."

நாத்தனார் மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். இத்தனை வருஷம் அவளைத் தூங்கவிட்ட, 'தெரியாது' என்கிற அந்த ஒரு வார்த்தை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. மாமனார் இருந்த அந்த அறைக்குள் விஷயம் தெரியாதவர் யாரும் இருந்திருக்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற இரண்டு பிள்ளைகளைத் தவிர.  

"ஆட்டம் முடிஞ்சதும்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சதும் என்ன. நான் உறையை எடுப்பேன். அவரே கையை நீட்டுவார்."

அந்த நேரம் பார்த்து நர்ஸ், அத்தையின் ஸ்பிளிண்ட்டோடு உள்ளே வந்தாள். நேரமாயிற்று என்று பட்டையைப் பிரித்துக் குனிந்தாள். "நீ இரும்மா" என்றார் அத்தை. நல்ல கையால் செத்த கையைத் தூக்கினார், மளிகைப் பையைத் தூக்குகிற மாதிரி. அதைச் சீட்டுகளின் மேலேயே கிடத்தி மகள் பக்கம் நகர்த்தினார்.

"நீ மாட்டு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். நாத்தனார் ஸ்பிளிண்ட்டை வாங்கினாள். எத்தனையோ பேருக்கு மாட்டுவதைப் பார்த்திருந்தும் அவளுக்கு அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி உள்ளே கிடத்தினாள். கட்டைவிரலைக் கடைசியாகப் பிடித்தாள். அப்போது அது அவள் விரலின் பக்கவாட்டில் லேசாக ஒருமுறை தள்ளியது.

நான் பார்த்தேன். நர்ஸும் பார்த்தாள். அத்தை கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை.

 நாத்தனார் மாட்டியதைக் கழற்றி நர்ஸிடமே திருப்பிக் கொடுத்தாள். தன் முன்னால் விழுந்திருந்த சீட்டுகளை ஒன்றுசேர்த்து எடுத்தாள். கண்ணீர் சீட்டின் மேல் சொட்டியதைத் துடைக்கவில்லை.

"அண்ணி" என்றாள், "அந்த ஃபேனை நிறுத்துங்க."